நைஜீரியாவில் இசேயின் ஊருக்கு ஒரம்பரையாப் போறேன்: என்னென்ன தயார் பண்ணணும்?

பாவடி (சென்னிமலை):
எல்லாருக்கும் வணக்கமுங்க. திருப்பூருக்குத் துணி எடுக்க வந்துபோற நண்பர் ஒருத்தர் நைஜீரியாவில் ஓயோ மாநிலம், இசேயின் ஊர்க்காரர். குடும்பமே தறிக்குடும்பம், அசோ ஓகேங்கற யோரூபா கைத்தறித் துணி நெய்யறவங்க. வர்ற தை மாசம் 12 நாள் அவங்க வீட்டிலேயே வந்து தங்கச் சொல்லியிருக்கார். லாகோஸ் பத்தி எவ்வளவோ படிக்கக் கிடைக்குது. சின்ன ஊரில் ஒரு வீட்டில் தங்கறதுக்கு என்ன வேணும்னு எங்கேயும் உருப்படியா இல்லீங்க. தாள், ஊசி, வழி, பணம், வீட்டு மரியாதை எல்லாம் சொல்லுங்க. நான் கவுச்சி, முட்டை ரெண்டும் சாப்பிடறதில்லை. அது அங்கே பெரிய பாடா இருக்குமாங்க?

நொய்யல்கரை:
மொதல்ல ஊசி, அப்பறந்தான் டிக்கெட். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட மஞ்சள் அட்டை இல்லாம நைஜீரியாவுக்குள்ளே விடமாட்டாங்க. அதைவிட நம்மாளுங்க தடுக்கி விழற இடம் திரும்பி வரும்போதுதான். மஞ்சள் காய்ச்சல் இருக்கிற நாட்டிலிருந்து வர்றவங்ககிட்ட இந்தியாவும் அதே அட்டையைக் கேட்கும். இல்லைன்னா 6 நாள் வரைக்கும் தனியா அடைச்சு வெப்பாங்க. ஊசி போட்ட 10 நாள் கழிச்சுத்தான் அட்டை செல்லும். அதனால பயணத்துக்கு முன்னாடி ஒரு மாசமாவது கையில் வெச்சுக்குங்க. ஒருதரம் போட்டா ஆயுசுக்கும் போதும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடறாங்க. முன்பதிவு பண்ணிட்டு அசல் பாஸ்போர்ட்டோட போகணும். அட்டையில் பாஸ்போர்ட் எண்ணும் பேரும் எழுத்து பிசகாம இருக்கான்னு அங்கேயே பார்த்துப்போடுங்க. போலியோ சொட்டு விதி அப்பப்ப மாறும், அதையும் அங்கேயே ஒரு வார்த்தை கேட்டுக்குங்க. முட்டை பழக்கமில்லைங்கறது வேற, முட்டை ஒவ்வாமைங்கறது வேற. ஒவ்வாமை இருந்தா ஊசிக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லணும்.

விசா: 2025 மே 1 முதல் குறுகிய காலப் பயணத்துக்கு இ-விசா வந்துடுச்சு, இறங்கினதும் வாங்கற பழைய முறை போயிடுச்சு. அதே தேதியிலிருந்து உள்ளே வர்றதுக்கும் வெளியே போறதுக்கும் ஆன்லைனில் ஒரு அட்டை நிரப்பணும். இதைப் பறக்கறதுக்கு முன்னாடியே முடிச்சு, அச்செடுத்துக் கையில் வெச்சுக்குங்க. வீட்டில் தங்கறவங்களுக்கு ஓட்டல் பதிவு கிடையாது. அதனால உங்க நண்பர் எழுதற அழைப்புக் கடிதந்தான் உயிர்நாடி. அதில் உங்க முழுப்பேர், பாஸ்போர்ட் எண், வர்ற போற தேதி, வீட்டு முகவரி, அவர் போன் நம்பர் இருக்கணும். தங்கல், சாப்பாடு, திரும்ப அனுப்பறது உள்பட குடிவரவுப் பொறுப்பு தன்னோடதுன்னு அவர் கையெழுத்துப் போடணும். கூட அவரோட அடையாள அட்டை நகல். "என் நண்பர் வர்றார்"னு ரெண்டு வரி எழுதி அனுப்பினா கேள்வி மேல கேள்வி வரும். பாஸ்போர்ட் 6 மாசத்துக்கு மேல செல்லணும், 2 பக்கம் காலியா இருக்கணும்.

ஏற்றுமதிக்காரன் (திருப்பூர்):
வழியை நான் சொல்றேன்.

நம்ம பக்கத்திலிருந்து லாகோசுக்கு நேர் விமானம் தேடாதீங்க. அடிஸ் அபாபா, தோஹா, துபாய்னு மாறித்தான் போகணும். நமக்குக் கொச்சியும் சென்னையும் தோது. இறங்கற நேரத்தைப் பார்த்து டிக்கெட் எடுங்க. காலையிலோ மத்தியானமோ இறங்கினா நல்லது. பொழுது சாஞ்சு இறங்கினா அன்னைக்கு விமான நிலையம் இருக்கிற இக்கேஜா பக்கத்திலேயே தங்கிட்டு விடிஞ்சு கிளம்புங்க. நண்பர் விமான நிலையத்துக்கே வந்தாகணும், இதில் கூச்சப்பட வேண்டாம். பெட்டியைத் தூக்க வர்றவங்க, "டாக்சி டாக்சி"ன்னு கையைப் பிடிக்கறவங்க யாருக்கும் பதில் சொல்லாம அவரைத் தேடிப் போங்க.

இசேயினுக்கு ஒரு நல்ல வசதி இருக்குது. லாகோஸ்-இபடான் அகல ரயில் 2021-ல் ஓட ஆரம்பிச்சுது, 157 கிலோமீட்டர். இபடான் பக்கத்துக் கடைசி ஸ்டேஷன் மொனியா. இசேயின் ரோடு கிளம்பறதும் அதே மொனியாவிலிருந்துதான், சுமார் 65 கிலோமீட்டர். ஆக இபடான் ஊருக்குள்ளே நுழைஞ்சு நெரிசலில் மாட்ட வேண்டியதே இல்லை. லாகோசில் ரயில் கிளம்பறது மொபொலாஜி ஜான்சன் ஸ்டேஷன். விமான நிலையத்திலிருந்து பார்த்தா அகேகே ஸ்டேஷன் பக்கம். ரயில் மூணு மணி நேரத்துக்குள்ளே மொனியா சேர்த்திடும். ஒரு நாளைக்குச் சில வண்டிதான், நேரமும் மாறும். நண்பரை முந்தின நாளே பதிவு பண்ணச் சொல்லுங்க, அடையாளத்துக்குப் பாஸ்போர்ட் கேட்பாங்க. சாயங்கால வண்டி உங்களுக்கு ஆகாது. மொனியாவில் இறங்கும்போது இருட்டிடும், அதுக்கு மேல 65 கிலோமீட்டர் போகக்கூடாது. இசேயின் இருக்கிற ஓகே-ஓகுன் வட்டாரத்துப் பாதைகளில் ஆள் கடத்தல் நடந்திருக்குது. பகலில், தெரிஞ்ச வண்டியில், நண்பரோட. இந்த மூணையும் விடாதீங்க.

மொனியாவில் ஷேர் கார் ஆள் நிறைஞ்சாத்தான் கிளம்பும். நண்பரும் நீங்களும் சேர்ந்து முழு வண்டியும் பேசிக்கிட்டா ஒரு மணி நேரம் மிச்சம். வழியில் சோதனைச் சாவடி வரும். பாஸ்போர்ட், விசா தாள் நகல் சட்டைப்பையில், அசல் உள்பையில். நிறுத்தினா கண்ணாடியை இறக்கி வணக்கம் சொல்லிட்டு, பேச்சை நண்பர்கிட்ட விட்டுடுங்க. போலீஸ், ராணுவம், பாலம், விமான நிலையம் எதையும் போட்டோ எடுக்கக்கூடாது.

இசேயினுக்குள்ளே கேகே ஓடும், நம்ம ஆட்டோவேதான். ஒகாடா-ங்கறது பைக் டாக்சி. பஜாஜ் பாக்சரும் ஓசூர் டிவிஎஸ் வண்டியும் நிறையப் பார்ப்பீங்க. ஹெல்மெட் இருக்காது, அதனால தூரத்துக்கு ஒகாடா வேண்டாம்.

திருப்பூர், சென்னிமலைக்காரங்களுக்குன்னே ஒரு எச்சரிக்கை. பரிசுக்கு டீ-சர்ட் அள்ளிட்டுப் போவீங்க. அதில் ராணுவப் பச்சைப் புள்ளி போட்ட கேமோ துணி ஒண்ணுகூட இருக்கக்கூடாது. அங்கே பொதுமக்கள் அதைப் போடறது குற்றம். வாங்கிக்கற பையன்தான் மாட்டுவான்.

பவானி ஜமக்காளம்:
மருந்துப்பையையும் கவனிங்க. ட்ரமடால் மாத்திரை, கோடீன் கலந்த இருமல் சிரப் எதுவும் கூடாது. கோடீன் சிரப்பை நைஜீரியா 2018-லேயே தடை பண்ணிடுச்சு. இந்தியாவிலிருந்து ட்ரமடால் கடத்தல் நிறையப் பிடிபட்டதால நம்ம பாஸ்போர்ட்டைப் பார்த்தாலே பையைத் துழாவ வாய்ப்பிருக்குது. முதுகுவலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்ததாவே இருந்தாலும் மாத்து மருந்து கேட்டு வாங்கிட்டுப் போங்க. மத்த மாத்திரை எல்லாம் அட்டையோட, சீட்டோட.

மலேரியா நம்மூர் மலேரியா மாதிரி லேசா எடுத்துக்கற சமாச்சாரமில்லை. அங்கே பெரும்பாலும் ஃபால்சிபாரம், மூளைக்கு ஏறக்கூடியது. குளோரோகுவின் வேலைக்காகாது. டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம்னு எழுதிக் கொடுத்தா, போறதுக்கு 1–2 நாள் முன்னாடி ஆரம்பிச்சு, தினமும் ஒண்ணு, திரும்பி வந்து 4 வாரம் வரைக்கும் விடாம சாப்பிடணும். வெறும் வயித்திலோ படுக்கப்போற நேரத்திலோ போட்டா நெஞ்செரிச்சல் பின்னி எடுக்கும். சாப்பிட்டு, நிறையத் தண்ணி குடிச்சு, நிமிர்ந்து உட்காருங்க. வெயிலில் தோல் சீக்கிரம் கருகும், தொப்பி வேணும். அட்டோவாகுவோன்-ப்ரோகுவானில்னா வந்த பிறகு 7 நாள் போதும், ஆனா விலை அதிகம், இங்கே கிடைக்கறதும் சிரமம். எது உங்களுக்கு ஆகும்ங்கறதை டாக்டர் முடிவு பண்ணட்டும். பெரும்பாலான ஆளுங்க தப்பு பண்றது ஊர் திரும்பினதும் மாத்திரையை நிறுத்தறதில்தான்.

பாவடி:
ரொம்ப நன்றிங்க. கேமோ டீ-சர்ட் 6 எடுத்து வெச்சிருந்தேன், எடுத்துப்போட்டேன். சாப்பாடும் வீட்டு மரியாதையும் யாராச்சும் சொன்னீங்கன்னா நல்லாருக்கும். பணம் எப்படிக் கொண்டு போறதுன்னும் தெரியலை.

குச்சிக்கிழங்கு (நாமக்கல்):
தம்பி, சாப்பாட்டுக்கு வெசனப்பட வேண்டாம். ஆனா "நான் வெஜிடேரியன்"னு சொன்னா மட்டும் போதாது. கறித்துண்டைத் தட்டிலிருந்து எடுத்துப்போட்டு அதே குழம்பை அன்போட ஊத்துவாங்க. அங்கே குழம்புக்குச் சுவையே காஞ்ச மீன், பொடிச்ச இறால், கறிவேகவெச்ச தண்ணி, சூப்புக் கட்டி. அதனால ஒவ்வொண்ணாப் பேர் சொல்லிச் சொல்லணும். அவங்க பேசற யோரூபா மொழியில் எரன்னா கறி, எஜான்னா மீன், எடேன்னா இறால். "மி ஓ ஜே எரன், மி ஓ ஜே எஜா", இதை மனப்பாடம் பண்ணிக்குங்க. பொன்மோங்கறது மாட்டுத்தோல், பார்த்தா காளான் மாதிரி இருக்கும், ஏமாந்துடாதீங்க. இதையெல்லாம் போய் இறங்கின அன்னைக்குச் சொல்லாதீங்க. ஒரம்பரை வர்றாங்கன்னு அந்த வீட்டம்மா முந்தின நாளே ஆக்க ஆரம்பிச்சிருப்பாங்க. இங்கேயிருந்தே நண்பர் மூலமா சொல்லிடுங்க.

நம்ம வயித்துக்குப் பழகினது அங்கே நெறைய இருக்குது. அகராங்கறது தட்டப்பயிறு வடை. தோல் நீக்கி அரைச்சு, வெங்காயம், மிளகாய் போட்டு எண்ணெயில் சுடறது. காலையில் ரோட்டோரமாவே சுடச்சுடக் கிடைக்கும். அதே மாவை ஆவியில் வேகவெச்சா மொயின் மொயின். இதில்தான் முட்டையும் மீனும் ஒளிஞ்சிருக்கும், கேட்காம வாயில் வெக்காதீங்க. ஓகிங்கறது மக்காச்சோளத்தைப் புளிக்கவெச்சுக் காய்ச்சற கூழ். அகராவும் ஓகியும் சேர்ந்தா காலைப் பலகாரம் முடிஞ்சுது. அமலாங்கறது வள்ளிக்கிழங்கை (யாம், சர்க்கரைவள்ளி இல்லை) காயவெச்சு அரைச்ச மாவில் கிண்டற களி. நிறமும் பதமும் நம்ம ராகிக்களிதான், சூட்டோட உருட்டி முழுங்கணும். எபாங்கறது குச்சிக்கிழங்கைத் துருவிப் புளிக்கவெச்சு வறுத்த "காரி"ங்கற மாவில் கிண்டறது, கொஞ்சம் புளிக்கும். அமலாவுக்குத் தொட்டுக்க பெகிரின்னு ஒண்ணு கேளுங்க, தட்டப்பயிறைக் கடைஞ்சது, நம்ம பருப்புக் கடைசல் மாதிரி. கூடவே எவேடு, சணல் கீரை, வெண்டைக்காயை விட வழுவழுன்னு இருக்கும். மீன் இல்லாம ருசி வரணும்னா "இரு" போடச் சொல்லுங்க. ஒரு மரத்து விதையைப் புளிக்கவெச்சது, வாசம் தூக்கும், சுத்த சைவம். பழுத்த வாழைக்காய் பொரிச்சது டோடோ, சுட்டது போலி. கடலைக்காய்க்கும் பஞ்சமில்லை.

மிளகாய் மட்டும் பார்த்து. அட்டா ரோடோன்னு குண்டு மிளகாய், நம்ம பச்சைமிளகாயை எல்லாம் ஓரம் கட்டிடும். செம்பனை எண்ணெய் பழகாத வயித்துக்கு மொத ரெண்டு நாள் இளக்கும், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் 10 எடுத்துக்குங்க. தண்ணி அரை லிட்டர் பொட்டலத்தில் விப்பாங்க, "பியூர் வாட்டர்"னே பேரு. நாஃப்டாக் (அங்கத்திய உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை) எண் அச்சடிச்சிருக்கான்னு பாருங்க, கிழிக்கற முனையைத் துடைச்சுட்டுக் கிழிங்க. மொத நாலு நாள் பாட்டில் தண்ணியே நல்லது.

செலவுப்பொடி, பருப்புப்பொடி, புளி கொஞ்சம் கொண்டு போய் ஒரு நாள் நீங்களே சமைச்சுப் போடுங்க. அதைவிட நல்ல பரிசு கிடையாது.

நொய்யல்கரை:
மரியாதை விஷயத்தில் நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒண்ணும் புதுசா இருக்காது. பெரியவங்களை ஒருமையில் பேசக்கூடாது. நாம "ங்க" கடைசியில் சேர்க்கறோம், அவங்க "எ"ன்னு முன்னாடி சேர்க்கறாங்க. காலையில் "எ காரோ", மத்தியானம் "எ காசான்", ராத்திரி "எ காலே", நன்றிக்கு "எ ஷே". அந்த "எ"யை முழுங்கிட்டா பெரியவரைப் பார்த்து "வாடா"ன்ன மாதிரி. எத்தனை தடவை எதிரில் வந்தாலும் அத்தனை தடவையும் வணக்கம் சொல்லணும். வணக்கம் சொல்லாம நேரா விஷயத்துக்கு வர்றது அங்கே பெரிய குறை. பசங்க பெரியவங்க முன்னாடி தரையில் நெடுஞ்சாண் கிடையா விழுவாங்க, பொண்ணுங்க மண்டி போடுவாங்க. வெளியூர்க்காரர் இடுப்பு வளைச்சுக் கும்பிட்டா போதும். கொடுக்கறது வாங்கறது வலது கையில்தான், நம்மைப் போலவே. பெரியவங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடாதீங்க, பிள்ளை பேரோட "பாபா", "இயா" சேர்த்துச் சொல்வாங்க.

ஊர்த்தலைவருக்கு அசேயின்னு பட்டம். அரண்மனைக்குக் கூட்டிட்டுப் போனா நண்பர் செய்யறதை அப்படியே செய்யுங்க. ஓரோ நோம்பி நாள் ஏதாச்சும் வருதான்னும் முன்னாடியே கேளுங்க. அந்த நேரத்தில் பொம்பளைங்க வெளியே வரக்கூடாது, வெளியூர்க்காரங்களும் வீட்டோட இருக்கறதுதான் சரி.

ஏற்றுமதிக்காரன் (திருப்பூர்):
பணம்: புது 100 டாலர் நோட்டு. மடிப்பு, பேனா கீறல், ரப்பர் ஸ்டாம்ப் இருந்தா விலை குறைப்பாங்க, இல்லை வாங்கவே மாட்டாங்க. சின்ன நோட்டுக்கும் விலை குறைவு. நம்ம ரூபாயை அங்கே மாத்த முடியாது. இங்கிருந்து ரொக்கமா 3,000 டாலர் வரைக்கும் எடுத்துட்டுப் போகலாம், உங்களுக்கு அதில் கால்வாசி போதும். லாகோசிலேயோ இபடானிலேயோ வெச்சு முறையான இடத்தில் மாத்திக்குங்க. இசேயினில் நம்ம கார்டை நம்பிப் போகாதீங்க. அங்கே தெருவுக்குத் தெரு குடை போட்டு, பிஓஎஸ்ங்கற கார்டு தேய்க்கற மெஷினோட பணம் தர்றவங்க உட்கார்ந்திருப்பாங்க, உள்ளூர் வங்கிக் கார்டுக்குத்தான் அது ஓடும். சிம் கார்டு நிறுவனத்தோட சொந்தக் கடையில் பாஸ்போர்ட் காட்டி உங்க பேரிலேயே வாங்குங்க.

இன்னொண்ணைச் சொல்லியே ஆகணும். நீங்க தங்கற 12 நாளும் அந்த வீட்டுச் செலவு கூடும், அவங்க வாயைத் திறந்து சொல்லமாட்டாங்க. 2023 மே கடைசியில் பெட்ரோல் மானியத்தை எடுத்ததிலிருந்து விலை பல மடங்கு ஏறிப்போச்சு. கரண்ட் வரும் போகும், போனா "நெப்பா எடுத்துட்டான்"னு சொல்வாங்க, நெப்பாங்கறது பழைய மின்வாரியத்தோட பேரு. ஒரம்பரை வந்திருக்காங்கன்னு ராத்திரி பூரா உங்களுக்கு ஃபேன் ஓட ஜெனரேட்டர் போட்டு வெப்பாங்க. அதனால சார்ஜ் ஏத்தற ஃபேன், சோலார் விளக்கு, பெரிய பவர் பேங்க் கொண்டு போய், கிளம்பும்போது ஃபேனையும் விளக்கையும் அங்கேயே விட்டுட்டு வாங்க. பவர் பேங்க் கைப்பையில்தான் வரணும். பிளக் மூணு தட்டைக் கால், இங்கிலாந்து மாதிரி, அடாப்டர் 2 வேணும். ஜெனரேட்டர் ஓடற சன்னல் பக்கம் படுக்காதீங்க, அந்தப் புகையில் வாசமே இல்லாத விஷம் இருக்குது, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். பெட்ரோலுக்குன்னு காசு நீட்டினா நண்பர் வாங்கமாட்டார். சந்தைக்குக் கூடப் போய் வள்ளிக்கிழங்கு, எண்ணெய், அரிசி நீங்க காசு கொடுத்து வாங்கிப்போடுங்க, பங்க்கில் நீங்க முந்திக்குங்க. கிளம்பற அன்னைக்கு "பிள்ளைங்களுக்கு"ன்னு அம்மா கையில் கொடுத்தா மறுக்கமாட்டாங்க.

கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போனா ஆடறவங்க மேல நோட்டை வீசறதைப் பார்ப்பீங்க. மத்தவங்க செய்யறாங்களேன்னு கை வெக்காதீங்க. நைரா நோட்டை அப்படி வீசறது, மிதிக்கறது 2007 மத்திய வங்கிச் சட்டப்படி குற்றம், 6 மாசத்துக்குக் குறையாத சிறையோ 50,000 நைராவுக்குக் குறையாத அபராதமோ, இல்லை ரெண்டுமோ உண்டு. உறையில் போட்டுக் கொடுங்க.

பவானி ஜமக்காளம்:
தறிக்காரர் போறீங்க, தறியைப் பத்தி யாரும் சொல்லலையே.

அசோ ஓகே தறி நம்ம குழித்தறி இல்லீங்க. துணி அகலமே 4 முதல் 6 அங்குலம், நாடா மாதிரிப் பட்டை. பாவை, அதாவது நீளவாக்கில் ஓடற நூலை, பின்னாடி உருளையில் சுத்தறதில்லை. நெசவாளிக்கு முன்னாடி பல அடி தூரம் நேரா நீட்டி, கடைசியில் கல் ஏத்தின ஒரு பலகையில் கட்டியிருப்பாங்க. நெய்ய நெய்ய அந்தக் கல் தரையில் இழுபட்டு வரும், பாவு விறைப்பு அதில்தான் நிக்குது. அதனால தறிக்கூடத்தில் குறுக்கே நடக்கக்கூடாது, பாவைத் தாண்டவே கூடாது. சுத்தித்தான் போகணும். வேலையா இருக்கறவங்களைப் பார்த்தா "எ கூ இஷே"ன்னு சொல்லுங்க, வேலை செய்யறவங்களுக்குன்னே இருக்கிற வணக்கம் அது. அப்பறம் பாருங்க, முகமே மலரும்.

பழைய வகை மூணு. சன்யான், காட்டுப் பட்டு, மண் நிறம். அலாரி, சிவப்பு. எட்டு, கருநீலம், அவுரிச் சாயம். இந்த எட்டு நம்ம எண் இல்லை, யோரூபாவில் கினிக்கோழின்னு அர்த்தம். இன்னைக்குப் பெரும்பாலும் மில் பருத்தி, ரேயான், பளபளக்கற ஜரிகை இழைதான் ஓடுது. நீங்க போற தை மாசம் ஹர்மட்டான் காலம், சகாராவிலிருந்து தூசியும் வறண்ட காத்தும் வரும். உதடு வெடிக்கும், மூக்கு காயும், தேங்காய் எண்ணெய் வெச்சுக்குங்க. நூலில் ஈரம் இல்லைன்னா இழை அறுந்துக்கிட்டே இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே பருத்தி, அதே பாடு. அவங்க அதை எப்படிச் சமாளிக்கறாங்கன்னு கேளுங்க, ரெண்டு பக்கமும் பேச்சு நிக்காது.

வாங்கறதா இருந்தா: 5 அங்குலப் பட்டை 6 சேர்த்தா 30 அங்குலம், ஒரு மேல்துண்டுக்கு ஆகும். பட்டைகளைக் கரையோடு கரை வெச்சுத் தைப்பாங்க. தையலில் கட்டம் நேருக்கு நேர் விழுதான்னு மடிச்சுப் பாருங்க. ஈரக் கைக்குட்டையில் தேச்சுச் சாயம் ஒட்டுதான்னு பாருங்க. தறியில் ஓடறது பெரும்பாலும் யாரோ கல்யாணத்துக்குச் சொல்லிவெச்சது, அதை விலை கேட்காதீங்க. இறங்கின மொத நாளே உங்களுக்கு என்ன வேணும்னு சொன்னா கிளம்பறதுக்குள்ளே நெய்து தைச்சுத் தரலாம்.

பாவடி:
ஒரு பவானி ஜமக்காளமும் சென்னிமலைப் பெட்ஷீட் 4-ம் கொண்டு போறேனுங்க. இக்கேரே அணையில் ஒரு நாள் குளிக்கலாம்னு நண்பர் சொன்னார், போலாமுங்களா?

நொய்யல்கரை:
அணையைப் பார்த்துட்டு வாங்க, தண்ணியில் இறங்க வேண்டாம். நைஜீரியாவில் ஓடாத நன்னீரில் நத்தை வழியா ஒரு புழு தோலைத் துளைச்சு உள்ளே போகும், வாரக்கணக்கில் கழிச்சுத்தான் காய்ச்சல், ரத்தம் கலந்த சிறுநீர்னு காட்டும். வீட்டில் வாளித் தண்ணியில் வாத்துக்குங்க.

ஊர் திரும்பி 3 மாசத்துக்குள்ளே காய்ச்சல் வந்தா, அன்னைக்கே ஆஸ்பத்திரி. நம்மூரில் மொதல்ல டெங்கு, டைபாய்டுன்னுதான் பார்ப்பாங்க. நீங்களா "நைஜீரியா போயிட்டு வந்தேன், ஃபால்சிபாரம் மலேரியா பாருங்க"ன்னு சொல்லி ரத்தம் கொடுங்க. மொத சோதனையில் இல்லைன்னு வந்தா 12–24 மணி நேரத்தில் மறுபடி ஒண்ணு எடுக்கச் சொல்லுங்க.